கீறாமல் போட வேண்டிய மிளகாய்

நான் முன்பு வேலை செய்த சூப் தொழிற்சாலையில் இப்போது தர ஆய்வுப் பிரிவில் இருக்கும் இரண்டு இளம் பெண்கள் போன மாதம் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்கள். பூசணி சூப்பின் பழைய செய்முறைத் தாளில் ஒரு வரி இருக்கிறது: "மிளகாயை முழுதாக இடவும். நறுக்கக் கூடாது, கீறக் கூடாது, குத்தக் கூடாது, காம்பைக் கிள்ளக் கூடாது." இப்போது அந்த சூப்புக்கு மிளகாயே போடுவதில்லை. காரம் அளந்து அடைத்த சாறாகப் போத்தலில் வருகிறது. தாளைத் திருத்தி எழுதப் போகிறார்கள். அதற்கு முன் தெரிந்துகொள்ள விரும்பினார்கள்.

"அக்கா, இதெல்லாம் ஆர் செய்வினம்? சீரியஸா கேக்கிறம்."

சுருக்கமான பதிலை அன்றே அனுப்பிவிட்டேன்: "நாங்கள்." நீண்ட பதில் இது.

எனக்கு முப்பத்தெட்டு வயது. அந்தத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டேன் என்று சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு என் மூக்கு பாதிதான் திரும்பி வந்தது. ருசி பார்த்துக் கையெழுத்திடுவது என் வேலை. பாதி மூக்குடன் அதைச் செய்யக் கூடாது என்று நானே எழுதிக் கொடுத்து விலகினேன். இப்போது அஜக்ஸ் நகரில் ஓர் ஆய்வுகூடத்தில் தண்ணீரைச் சோதிக்கிறேன். தண்ணீருக்கு மணம் இருக்கக் கூடாது. இருந்தால் இயந்திரம் சொல்லிவிடும்.

படித்தது உணவுத் தொழில்நுட்பம். கல்லூரியில் கற்றதை மூன்று வாக்கியத்தில் சொல்லலாம். சூட்டை அள. அமிலத்தை அள. அளந்ததை உடனே எழுது. இதில் மூன்றாவதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

தொழிற்சாலை வெக்ஸ்போர்ட் பகுதியில் இருந்தது. அதற்கு முன் அந்தக் கட்டிடத்தில் கார் உதிரிப்பாகங்கள் அடுக்கி வைத்திருந்தார்கள். மழை நாளில் முன்வாசலில் இன்னும் கிறீஸ் மணக்கும். முதியோர் இல்லங்களுக்கு சூப் செய்து, பைகளில் அடைத்து, குளிரூட்டி அனுப்பினோம். அதிகம் போனது ஜமேக்காப் பூசணி சூப்.

அது ஜமேக்கா வீடுகளில் சனிக்கிழமைகளில் சமைக்கும் சூப். எங்கள் வடிவத்தில் இறைச்சி இல்லை. பூசணிக்காய், கொஞ்சம் கரட், வெங்காயத்தாள், உள்ளிப்பூண்டு, தைம் இலைக் கட்டு, கிராம்பும் கறுவாவும் சேர்ந்தாற்போல மணக்கும் ஒல்ஸ்பைஸ் மணிகள், கடைசியில் தேங்காய்ப்பால். இவற்றோடு ஸ்கொச் பொனற் மிளகாய். அதைப் பார்க்காதவர்களுக்கு: நசுங்கிய தொப்பி போல இருக்கும், மஞ்சளாகவோ சிவப்பாகவோ, பழ வாசத்தோடு. வாசத்தை நம்பி வாயில் வைத்தால் அன்றைய மிச்ச வேலை நடக்காது.

அந்த மிளகாயை ஜமேக்காக்காரர்கள் காம்போடு முழுதாக சூப்பில் மிதக்க விடுவார்கள். தோல் உடையாத வரைக்கும் அது வாசத்தைக் கொடுக்கும், காரத்தைப் பெரும்பாலும் தன்னிடமே வைத்துக்கொள்ளும். சூப் வெந்ததும் உடையாமல் தூக்கி எடுத்துவிடுவார்கள். வீட்டில் இதற்கு ஒருவர் அடுப்படியில் காவல் நிற்பார். எங்களிடம் நீராவியில் சூடாகும் பெரிய அண்டா இருந்தது, கெற்றில் என்போம். ஓர் ஆள் உள்ளே இறங்கி உட்காரலாம். கிண்டும் துடுப்பு மிளகாயை உடைத்துவிடும் என்பதால், மிளகாய்களைக் கம்பிக் கூடை ஒன்றில் போட்டு, கூடையைக் கெற்றிலின் விளிம்பில் கொளுவித் தொங்க விடுவோம். போட்ட மிளகாயும் எடுத்த மிளகாயும் எண்ணிக்கையில் சரியாக இருக்க வேண்டும். சரி என்றால் மட்டுமே அரைக்கும் தண்டை உள்ளே இறக்கலாம். பூசணி வெண்ணெய் போல ஆனதும் நீராவியைக் குறைத்துத் தேங்காய்ப்பால் விடுவோம். அதன்பின் கொதிக்கக் கூடாது. கொதித்தால் பால் திரைந்து எண்ணெய் மேலே நிற்கும்.

ஒருமுறை இதை அம்மாவுக்கு ஒரு பை கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு கரண்டி குடித்ததும் எங்கள் வீட்டுத் தேங்காய்ப்பால் கறிதான் அவருக்கு ஞாபகம் வந்தது: "இது சொதி. புளி விட மறந்திட்டினம்."

உற்பத்திப் பிரிவின் தலைவி மிஸ் பேர்ல். கிங்ஸ்டனில் பிறந்தவர். பூசணி சூப்பின் செய்முறையை எழுதியவர் அவர்தான். மற்ற எல்லாச் செய்முறைகளையும்கூட. அவரது தாள்கள் குறுகியவை. ஒரு வினை, ஒரு பொருள், ஒரு சூடு. மேலதிகமாக ஒரு சொல் சேர்க்கச் சொன்னால், "சமைக்கத் தெரிந்தவர்களுக்கு எழுதுகிறேன்" என்பார். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். இங்கே தமிழில் தருகிறேன்.

அவர் ருசி பார்க்கும் முறை இது. வெள்ளை பிளாஸ்ரிக் கரண்டியில் எடுப்பார். எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்பார். முகத்தைப் பார்த்து நாங்கள் முடிவை ஊகிக்கக் கூடாது. விழுங்குவார். கொஞ்சம் நிற்பார். திரும்பும்போது ஒரு சொல் வரும். ஒன்று "அனுப்பு." அல்லது "ஊற்று", அதாவது வடிகாலில். நான் வேலை செய்த காலத்தில் மூன்றாவது சொல் ஒரே ஒரு முறைதான் வந்தது.

அந்த முறை கெற்றிலில் நின்றவர் சிவம் அண்ணை. ஐம்பத்தொன்பது வயது. அதே தொழிற்சாலையில் பல வருடம் கழுவும் பிரிவில் இருந்துவிட்டுக் கெற்றிலுக்கு உயர்ந்தவர். கெற்றில் வேலைக்குத்தான் மருந்துக் காப்புறுதி இருந்தது. அவர் மனைவியின் மருந்துகள் அதில் வந்தன. அவர்மேல் ஏற்கெனவே எழுத்துமூல எச்சரிக்கைகள் இரண்டு இருந்தன. முதலாவது, மணிக்கட்டில் கட்டியிருந்த கோயில் நூலைக் கழற்ற மறுத்தது. நேர்த்திக்கடன் முடியும்வரை கழற்ற ஏலாது என்றார். முடிந்த அன்று கழற்றினார், ஆனால் எச்சரிக்கை கழலவில்லை. இரண்டாவது, பனி கொட்டிய காலை அவர் வீடு இருந்த வோபர்னிலிருந்து வந்த பஸ் நடுவழியில் நின்றதால் பிந்தி வந்தது. மூன்றாவது எச்சரிக்கை என்று ஒன்று கிடையாது. அந்த இடத்தில் வேலை முடிந்துவிடும்.

பூசணி சூப்பை அவர் தனியாகச் சமைத்தது அன்றுதான் முதல் தடவை. பழகிய நாட்களில் மிளகாய்க் கூடையைப் பழைய ஆளே ஆயத்தம் செய்து கொளுவியிருந்தார்.

சமைத்து முடிந்ததும் என் முறை. ருசித் தாளில் காரம் என்ற வரியில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் வரக் கூடாது. குடிப்பவர்களில் பலர் விழுங்கச் சிரமப்படுகிறவர்கள், இருமினால் ஆபத்து. ஒரு கரண்டி எடுத்தேன். முதலில் தேங்காய்ப்பால் வந்தது, பிறகு பூசணியின் இனிப்பு, பிறகு காதுக்குப் பின்னால் சூடாகியது. நல்ல சூப். அந்தக் கெற்றிலிலிருந்து அதுவரை வந்தவற்றில் இதுதான் சூப். ஐந்தில் ஐந்து என்று எழுதி, "தோல்வி" என்ற கட்டத்தில் அடையாளமிட்டேன்.

மிஸ் பேர்லைக் கூப்பிட்டேன். கரண்டியில் எடுத்தார், சுவரைப் பார்த்தார், விழுங்கினார். வழமையை விட அதிகம் நின்றார். பிறகு திரும்பாமலே இன்னொரு கரண்டி எடுத்தார். இது முன்பு நடந்ததில்லை.

திரும்பியபோது, "நிறுத்து" என்றார்.

நிறுத்தினோம். சூப்பைச் சூடாகவே பைகளில் அடைத்து, குளிரூட்டி, சிவப்புச் சீட்டு ஒட்டித் தனியாக அடுக்கினோம். பை அடைக்கும் இயந்திரத்தில் மன்னார் றெஜினா அக்கா நின்றார். ஒரு கோப்பை குடித்துவிட்டு, கெற்றில் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"சிவம் அண்ணை! இண்டைக்குத்தான் சமைச்சிருக்கிறியள். மற்ற நாளெல்லாம் நாங்கள் கழுவின தண்ணியை எல்லோ அடைச்சு அனுப்பினனாங்கள்."

சிவம் அண்ணை பெருமைப்பட்டார். என்ன நடந்தது என்று அவருக்கு அப்போது தெரியாது.

காரணம் தேட வேண்டியது நான். மிளகாய் எண்ணிக்கை சரி. போட்டது அத்தனையும் வெளியே வந்திருந்தது, எதுவும் அரைபடவில்லை. இந்தத் தடவை வந்த மிளகாய் அதிகக் காரமோ என்று பெட்டியைப் பார்த்தேன். அதே பெட்டியின் மற்றப் பாதியைப் போட்டுத்தான் முந்திய கெற்றில் சூப்பைச் சமைத்தார்கள், அது காரமாகவில்லை. துடுப்பு கூடையில் முட்டியதோ என்று பார்த்தேன்; கூடையில் ஒரு நெளிவும் இல்லை. பிறகு, எடுத்த மிளகாய்களை வைத்திருந்த தட்டைக் கொண்டுவந்து, கையுறையோடு ஒவ்வொன்றாகத் திருப்பினேன்.

எல்லா மிளகாயிலும் கீறல் இருந்தது. காம்பின் கீழிருந்து நுனிவரை, நேராக, ஒரே நீளத்தில். காம்பு கழலவில்லை. ஒரு துண்டும் பிரியவில்லை. உள்ளே விதை ஒன்றும் மிச்சமில்லை. எல்லாம் சூப்புக்குப் போயிருந்தது. அவசரத்தில் செய்த வேலை இல்லை. அதைப் பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்தது, இது தமிழ்க் கை. தொழிற்சாலையில் தமிழர்கள் மூன்று பேர். ஒருவர் பை அடைத்துக்கொண்டிருந்தார். ஒருவர் நான்.

சாப்பாட்டு அறையில் சிவம் அண்ணை தனியாக இருந்தார். எதிரே இருந்தேன்.

"அண்ணை, மிளகாயைக் கீறினனீங்களோ?"

"ஓம். கீறாமல் போடலாமே?"

"தாளிலை முழுதாக எண்டுதானே கிடக்கு, கீறச் சொல்லி இல்லையே."

"தாளிலை மிளகாயைக் கழுவச் சொல்லியும்தான் இல்லை. கழுவினனான். உதெல்லாம் எழுதுவினமே, தங்கச்சி? முழு மிளகாயைக் கீறாமல் போட்டால் வெடிச்சு முகத்திலை அடிக்கும்."

"அது எண்ணெயிலை அல்லோ, அண்ணை. இது சூப்பு."

"உது மிளகாய்க்குத் தெரியுமே?"

இதற்கு என்னிடம் தொழில்நுட்பப் பதில் இருந்தது. எண்ணெயின் சூடு வேறு, தண்ணீரின் சூடு வேறு. எண்ணெயில் மிளகாய்க்குள் இருக்கும் நீர் சட்டென்று ஆவியாகி வழி தேடும், கொதிக்கும் சூப்பில் அப்படி ஆகாது. அதைச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "காரமாப் போச்சோ?" என்று கேட்டார்.

"அவைக்குக் கூடிப்போச்சு. கிழடுகள், அண்ணை. இருமல் வரும்."

அவர் முகம் மாறியது. சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். "அப்ப எனக்கு மூண்டாவது" என்றார்.

அது என் கையில் இருக்கவில்லை.

பிற்பகல் முழுவதும் சூப்பைக் காப்பாற்றும் வேலை. மறுநாள் காலை லொறி வரும். முறை இது: மிளகாயே இல்லாமல் புதிதாக ஒரு கெற்றில் சமைத்து, அதில் காரமான சூப்பைக் குறிப்பிட்ட பங்கு கலப்பது. எந்தப் பங்கு என்று சிறு கிண்ணங்களில் கலந்து பார்த்தேன். ருசி பார்க்க ஆட்களைத் தெரிவு செய்தபோது முதலில் எங்கள் மூவரையும் நீக்கினேன். காரத்தைப் பொறுத்தவரை எங்கள் நாக்கு அளவுகருவி அல்ல. மிஸ் பேர்லையும் நீக்கினேன். இரண்டாவது கரண்டியை நான் பார்த்திருந்தேன். கடைசியில் பொருட்கள் ஏற்றும் ஒருவரும் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பெண்ணும் கிடைத்தார்கள். அந்தப் பெண் மிளகுத்தூளையே காரம் என்பவர். அவருக்குக் கண் கலங்காத பங்கு, காரமானது ஒன்றுக்கு மிளகாயில்லாதது ஐந்து. அதன்படி கலந்தோம், மிச்சப் பைகளைப் பின்வரும் கெற்றில்களுக்கு ஒதுக்கினோம். காரம் வரியில் ஒன்று வந்தது. மிஸ் பேர்ல் சுவரைப் பார்த்து விழுங்கித் திரும்பினார்.

"அனுப்பு."

சூப் பிழைத்துக்கொண்டது. சிவம் அண்ணையின் விடயம் மறுநாளுக்கு நின்றது.

காரண அறிக்கையில் நடந்ததை நான் எழுதுவேன். அதன் கீழே நான்கு கட்டங்கள் இருக்கும்: இயந்திரக் கோளாறு, மூலப்பொருள் கோளாறு, செய்முறையைப் பின்பற்றவில்லை, செய்முறை போதாது. எது என்று அடையாளமிடுவது உற்பத்தித் தலைவி. மூன்றாவதென்றால் தாள் நேரே ஊழியர் விடயங்களைப் பார்க்கும் ஆளணிப் பிரிவுக்குப் போகும், சிவம் அண்ணை வீட்டுக்குப் போவார். நான்காவதென்றால் தவறு செய்முறையை எழுதியவருடையது. அந்த மாதம் தொழிற்சாலை முகாமையாளர் பதவிக்கு மிஸ் பேர்ல் விண்ணப்பித்திருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

காலையில் அறிக்கையை அவர் மேசையில் வைத்தேன். நின்றபடியே வாசித்தார்.

"ஏன் கீறினார்?"

"எங்கள் வீடுகளில் முழு மிளகாயைச் சூடான எண்ணெயில் போட்டால் வெடிக்கும். கீறிப் போடுவோம். யாரும் சொல்லித் தருவதில்லை. கை செய்துவிடும்."

"இது சூப்."

"சொன்னேன்."

"முழு மிளகாய் என்றால் என்ன என்று என் நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"எங்கள் நாட்டில் பெரியவர்களுக்கும் தெரியாது, மிஸ் பேர்ல்."

அவர் என்னைப் பார்த்தார். "நீ என்றால் கீறியிருப்பாயா?"

"வீட்டில் என்றால், ஆம்."

"இங்கே?"

"இங்கே நான் கெற்றிலுக்குக் கிட்டப் போவதில்லை."

பேனாவை எடுத்தார். அடையாளமிடவில்லை. "வேறு என்னென்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

"எதை?"

"மிளகாயை. கீறுவதைத் தவிர."

போய் விசாரித்தேன். றெஜினா அக்கா இயந்திரத்தை நிறுத்தாமலே சொன்னார்: "நாங்கள் ஏன் கீறிறம்? காம்பைக் கிள்ளிப்போட்டுப் போடுவம். காத்துப் போகும்தானே." அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "கீற நேரமில்லாட்டி முள்ளுக்கரண்டியாலை ஒரு குத்து," என்றார் அம்மா. "ஏன், உங்கட பக்டரியிலை வெடிச்சதே? ஆருக்கும் கண்ணிலை பட்டதே?" ஒருவருக்கும் படவில்லை என்றேன். நம்பினாரோ தெரியாது.

திரும்பிப் போய்ச் சொன்னேன். மிஸ் பேர்ல் தன் செய்முறைத் தாளை எடுத்து, அந்தப் பெண்கள் என்னிடம் கேட்ட வரியைத் தன் கையால் எழுதினார். அவர் எழுதியவற்றில் அதுதான் மிக நீளமான வாக்கியம். எழுதி முடித்து, அறிக்கையை இழுத்து, நான்காவது கட்டத்தில் அடையாளமிட்டுக் கையெழுத்து வைத்தார்.

ஆளணிப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து கதவை மூடிக்கொண்டு அவரோடு பேசினார். கதவு மூடியிருந்தாலும் கண்ணாடி தெளிவாக இருந்தது. பெரும்பாலும் வந்தவர்தான் பேசினார். மிஸ் பேர்ல் ஒரு தடவை கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார். வந்தவர் போனார். அந்த வாரம் மிஸ் பேர்லுக்கு எழுத்துமூல எச்சரிக்கை ஒன்று வந்தது. அவருக்கு வந்த முதலாவது. முகாமையாளர் பதவிக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று யாரும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

சிவம் அண்ணைக்கு இதை நான் சொல்லவில்லை. றெஜினா அக்கா சொன்னார். சொன்னபோது சிவம் அண்ணை கழுவும் குழாயைக் கையில் பிடித்திருந்தார். குழாயைக் கீழே வைத்தார். தலையில் போட்டிருந்த வலையைச் சரி செய்தார். கெற்றில் பகுதியைத் தாண்டி, மிஸ் பேர்ல் நின்ற இடத்துக்குப் போனார். அவருக்கு ஆங்கிலம் வேலைக்குப் போதுமான அளவு வரும். இது வேலைக்குள் அடங்காத விடயம். கூட நின்று மொழிபெயர்க்கலாம் என்று நான் கிட்டப் போனேன். கையை அசைத்து வேண்டாம் என்றார்.

"மிஸ்," என்றார். "யூ நோ மிஸ்ரேக். மை மிஸ்ரேக். ஐ கட்."

மிஸ் பேர்ல் சூட்டுமானியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்தார்.

"தெரியும்," என்றார். "போய்க் கெற்றிலைக் கழுவு."

அவர் போய்க் கழுவினார். கழுவிய பிறகு சோதிப்பது என் வேலை. உட்சுவரை ஒரு பஞ்சுக் குச்சியால் துடைத்துச் சிறு கருவி ஒன்றில் வைத்தால், இன்னும் எவ்வளவு மிச்சம் ஒட்டியிருக்கிறது என்பதற்கு ஓர் எண் வரும். ஒற்றை இலக்கத்தில் வந்தால் சமைக்கலாம். வழமையாக நாலோ ஐந்தோ வரும். நல்ல நாளில் இரண்டு.

அன்று சுழியம் வந்தது. கருவி பழுதென்று நினைத்து மற்றக் குச்சியை எடுத்து, அடியில் வடிகுழாய் பூட்டும் மூலையில், யாரும் எட்டாத இடத்தில் துடைத்தேன். திரும்பவும் சுழியம். இரண்டையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.